உண்ணும் வழி கண்ட பிள்ளைகள்

உண்ணும் ஒவ்வொரு கவளமும் தொண்டை கடந்து இரைப்பையைச் சேர்வதை நாம் ஒரு பொருட்டாக எண்ணுவதில்லை. ஆனால், உணவுக்குழல் இடையே அறுபட்ட நிலையிலேயே பிறக்கும் குழந்தைகளும் உண்டு. 1941-ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டின் ஆன் ஆர்பர் நகரில் டாக்டர் கேமரான் ஹெய்ட், அத்தகைய குழந்தையொன்றின் குழல்முனைகள் இரண்டையும் ஒரே அறுவையில் இணைத்து முதன்முதலாக வெற்றி கண்டார்.

முனைகளுக்கிடையே தொலைவு மிகுந்திருப்பின் அவற்றை இணைப்பது அரிது. கடுங்காரத்தை விழுங்கிக் குழல் வெந்து சுருங்கிய குழந்தைகள் சிலரின் நிலையும் அத்தகையதே. இவர்களுக்குப் பெருங்குடலின் ஒரு பகுதியையோ, இரைப்பையையோ மேலே உயர்த்திப் புதுவழி அமைக்கின்றனர். லண்டன் கிரேட் ஆர்மண்ட் தெருவிலுள்ள குழந்தைகள் மருத்துவமனையில் டேவிட் வாட்டர்ஸ்டன் பெருங்குடலைக் கொண்டும், அவருக்குப் பின் லூயிஸ் ஸ்பிட்ஸ் இரைப்பையைக் கொண்டும் இச்சிகிச்சையைச் செய்து புகழ்பெற்றனர்.

பிள்ளை வாயால் உண்ணத் தொடங்கியதும், துன்பம் தீர்ந்ததெனப் பெற்றோர் மகிழ்கின்றனர். மகிழ்ச்சி நியாயமானதே. எனினும், இடம் மாறிய குடல் குடலாகவேதான் இருக்கிறது. இயற்கைக் குழலைப்போல் அது உணவை உந்தித் தள்ளுவதில்லை. உணவு பெரும்பாலும் தன் எடையாலேயே கீழிறங்குகிறது. ஆண்டுகள் செல்லச் செல்லக் குடல் நீண்டு, விரிந்து, வளையக்கூடும். இணைப்பிடம் குறுகலாம். இரைப்பை அமிலம் மேலேறிப் புண் உண்டாக்கலாம். படுத்திருக்கையில் உணவு மேலெழுந்து நுரையீரலிலும் புகலாம்.

வேறு விதமாய் உண்டறியாத பிள்ளையோ குறை கூறுவதில்லை. கவளத்திற்கொரு மிடறு நீர் பருகுவதும், உயர்ந்த தலையணையில் உறங்குவதும் எல்லோருக்கும் வழக்கமென்றே எண்ணிவிடுகிறது. வாய் சொல்லாததைப் படம் சொல்கிறது. வெண்ணிறப் பேரியக் கரைசலைப் பருகச் செய்து எக்ஸ்-ரேயில் நோக்கினால், அது எங்கே தடைப்படுகிறது, எங்கே தேங்குகிறது என்பது தெளிவாகும். சி.டி. படம், புதுவழி நுரையீரலையும் இதயத்தையும் ஒட்டி எவ்வாறு கிடக்கிறதென்று காட்டும். உட்புறச் சவ்வின் நிலையை அறியவோ எண்டோஸ்கோப்பி தேவை.

படத்தில் காணும் வளைவெல்லாம் நோயன்று. விரிந்த குடலோடு நலமாய் வாழ்வோரும் உளர். பழைய படத்தோடு புதியதை ஒப்பிட்டாலன்றி உண்மை விளங்காது. ஆகவே பெற்றோரே, அறுவைச் சிகிச்சைக் குறிப்புகளையும் படங்களையும் பத்திரமாய்ப் பேணுங்கள். பிள்ளை வளர்ந்ததும் அவற்றை அவன் கையில் ஒப்படைத்து, தன் உடலின் வரலாற்றை அவனே அறியச் செய்யுங்கள். நலமாய் இருக்கையிலும் மருத்துவரிடம் செல்லும் வழக்கத்தை விட்டுவிடாதீர்கள்.