கண்ணை உறுத்தாத தீபம்

பெரிய மண்டபமொன்றில் விளக்கிடுவது எளிய காரியமன்று. வெளிச்சம் மூலைமுடுக்குவரை எட்டவேண்டும். ஆனால் அங்கே அமர்ந்திருப்போரின் கண்களைக் குத்தலாகாது. நம்மவர் முதலாவதைப் பற்றி மட்டுமே கவலைப்படுகின்றனர். இக்காலத்துக் கல்யாண மண்டபங்களிற் புகுந்தால், மணமக்களின் முகத்தைக் காணுமுன் நாம் கண்களைக் கசக்கிக்கொள்ள வேண்டியிருக்கிறது!

டென்மார்க் தேசத்துக் கட்டடச் சிற்பியான பவுல் ஹென்னிங்ஸன் (1894–1967) தம் வாழ்நாளில் பெரும்பகுதியை அந்த இரண்டாவது கவலைக்கே செலவிட்டார். எண்ணெய் விளக்கின் இதமான ஒளி போய், மறைப்பில்லாத மின்சார பல்பின் கண்கூச்சம் வீடுகளிற் குடிபுகுந்தது அவருக்குப் பொறுக்கவில்லை. 1926-இல் கோபன்ஹேகன் நகரத்துப் பெருங் கண்காட்சி மண்டபமாகிய போரத்துக்கு அவருடைய விளக்குகளே தெரிந்தெடுக்கப்பட்டன. ஒன்றன்கீழ் ஒன்றாக மூன்று மூடிகள். அவற்றின் வளைவோ, சங்கின் உடலில் இயற்கை வரைந்துள்ள சுருளைப் போன்றது. அச்சுருளின் மையத்தில் ஒளியை வைத்தால், கதிர் மூடியின் எவ்விடத்திற் பட்டாலும் ஒரே கோணத்திற் படும். மடக்கைக் கணக்கு எதற்கு உதவுமென்று கேட்கும் மாணாக்கருக்கு நாம் சொல்லத்தக்க விடை இது.

1940-இல் ஜெர்மானியர் டென்மார்க்கைக் கைப்பற்றினர். இரவில் ஆகாய விமானங்களுக்கு வெளிச்சம் தெரியக்கூடாதென்று தடை பிறந்தது. அப்போது ஹென்னிங்ஸன், டிவோலி என்னும் கேளிக்கைத் தோட்டத்துக்காக, வானத்திலிருந்து நோக்கினால் தெரியாமல் தரைக்கு மட்டும் ஒளிதரும் விளக்கொன்றைச் செய்தார். தோட்டம் நள்ளிரவுவரை திறந்திருந்தது! 1943-இல் அவரே ஸ்வீடனுக்குத் தப்பியோட நேர்ந்தது.

ஒளியை மறைக்கும் இந்த வித்தை 1958-இல் முழு அழகு பெற்றது. கோபன்ஹேகன் கடற்கரையிலுள்ள லாங்கலீனி உணவு மண்டபத்துக்கு அவர் அமைத்த தொங்கு விளக்கில் செப்புத் தகட்டாலான 72 இதழ்கள் உண்டு. வரிசைக்கு 6 வீதம் 12 வரிசைகள். மேல் வரிசையில் இரண்டு இதழ்களுக்கு நடுவேயுள்ள இடைவெளியைக் கீழ் வரிசையின் இதழ் வந்து மறைக்கிறது. எப்பக்கத்திலிருந்து நிமிர்ந்து நோக்கினும் உள்ளிருக்கும் பல்பு தென்படாது. ஒளி இதழுக்கு இதழ் தாவி, தணிந்து, கீழே இறங்குகிறது. அவர் நாட்டார் இதனைப் பைன் மரத்தின் காய் என்கின்றனர். ஆங்கிலேயர் ஆர்ட்டிசோக் என்னும் தங்கள் காய்கறி மொக்கின் பெயரிட்டனர். நாமாயிருந்தால் வாழைப்பூ என்றிருப்போம். வாழைப்பூவின் மடல்களும் இவ்வாறே ஒன்றையொன்று போர்த்தியல்லவோ தொங்குகின்றன!

இதில் ஓரிதழும் வெறும் அலங்காரத்துக்கில்லை. ஒன்றைப் பிடுங்கினால் அவ்விடத்தில் கண் கூசும். தாமரையைப் போலத் தகரத்தை வெட்டி, நடுவே பல்பைப் பளிச்சென்று திறந்துவைப்பவர்கள் பூவின் உருவத்தை எடுத்துக்கொண்டு அதன் தொழிலை விட்டுவிடுகின்றனர்.

கும்பகோணத்துப் பக்கத்தில் செம்பும் பித்தளையும் தட்டி வளைக்கத் தெரிந்த கைகள் இன்னும் இருக்கின்றன. புதிதாக மண்டபம் எழுப்பும் தனவந்தர் எவரேனும், அயல்நாட்டுக் கண்ணாடிச் சரங்களுக்குப் பணம் அனுப்புமுன், ஒரு வாழைப்பூவை எடுத்துக்கொண்டு அந்தப் பட்டறைகளுக்கு ஒருமுறை போய் வந்தாலென்ன?