கத்திப் பட்டறைக்குச் சிக்கனமான பட்டைச் சாணை

கதிர் அரிவாளும் கவாத்துக் கத்தியும் இன்றி வேளாண்மை நடவாது. அவற்றைச் செய்யும் பட்டறைகளில், அரத்தைக் கொண்டு நெடுநேரம் செய்யும் வேலையை விரைவில் முடித்துத் தருவது பட்டைச் சாணை. இதனைத் தொழிலாளர் ‘பெல்ட் கிரைண்டர்’ என்பர். இதனை அமைக்க விரும்பும் அங்கத்தினர்கள், எதில் சிக்கனம் செய்யலாம், எதில் செய்யலாகாது என்பதை முதலில் அறிதல் நலம்.

இதன் அமைப்பு எளியது. எமரிப் பட்டை ஒன்று சக்கரங்களைச் சுற்றி ஓடுகிறது. ஒரு சக்கரத்தை மோட்டார் சுழற்றும். மற்றொன்று சுருள்வில்லின் விசையால் பட்டையை இறுக்கி, விலகாமல் ஓடச் செய்யும். பட்டைக்குப் பின்னே தட்டையான இரும்புத் தகடு இருக்கும். அந்த இடத்தில்தான் கத்தியை வைத்துத் தேய்க்கிறோம்.

சட்டத்தில் தாராளமாகச் சிக்கனம் செய்யலாம். பழைய ஆங்கிள் இரும்பைப் பற்றவைத்தாலும் போதும். அசையாமல் நின்றால் சரி. சக்கரங்களில் மட்டும் சிக்கனம் கூடாது. அவை கடைசல் இயந்திரத்தில் வட்டம் பிசகாமல் கடையப்பட வேண்டும். இல்லையேல் பட்டை துள்ளும். கத்தியின் முகம் அலையலையாகும். மோட்டார் பழையதாயினும் இரும்புத்தூள் புகாதபடி முழுவதும் மூடியதாக இருத்தல் வேண்டும். 50 மில்லிமீட்டர் அகலப் பட்டைக்கு 1 முதல் 2 குதிரைசக்தி போதும்.

அடுத்தது வேகம். நிமிஷத்திற்கு 1,440 சுற்று சுற்றும் மோட்டாரில் 100 மில்லிமீட்டர் விட்டமுள்ள சக்கரத்தைப் பொருத்தினால், பட்டை விநாடிக்கு ஏறக்குறைய 7½ மீட்டர் ஓடும். 200 மில்லிமீட்டர் சக்கரமாயின் 15 மீட்டர். இரும்பைக் குறைக்க மிகுந்த வேகமும், முடிப்பு வேலைக்குக் குறைந்த வேகமும் உகந்தவை. படிப்படியான கப்பிகளை அமைத்தால் இரண்டையும் குறைந்த செலவில் பெறலாம்.

வேகத்தில் இவ்வளவு கவனம் எதற்கு? தோய்ச்சல் கொடுத்த கார்பன் எஃகு சூடேறினால் சுமார் 230 பாகை செண்டிகிரேடில் வைக்கோல் நிறமும், 300 பாகையளவில் நீல நிறமும் கொள்ளும். விளிம்பில் நீலம் படர்ந்தால் அவ்விடத்தில் கடினம் குறைந்துவிட்டது என்பது பொருள். பிறகு எவ்வளவு தீட்டினும் கூர் நில்லாது; உழைப்பும் வீண், பட்டறையின் நற்பெயரும் போகும். ஆகவே தோய்ச்சலுக்குப் பின் வேகத்தைக் குறைத்து, அலகை அடிக்கடி நீரில் நனைத்துத் தேய்க்க வேண்டும். தேய்ந்த பட்டையை அழுத்தி வேலை வாங்குவதும் சூட்டையே வளர்க்கும், அது சிக்கனமன்று.

கண்ணாடியும் முகமூடியும் அணியாமல் இதனருகே நிற்கலாகாது. துண்டு, வேட்டியின் தொங்கல், சேலைத் தலைப்பு ஆகியவை சக்கரத்தில் சிக்கும். தீப்பொறி பறப்பதால், நூல் கிடங்கும் பஞ்சுத்தூசு படியும் தறிக்கூடமும் உள்ள கட்டடத்தில் இதனை ஒருபோதும் வைக்க வேண்டாம். பிடிக்கான மரத்தைத் தேய்த்தால், மரத்தூளை அகற்றிய பின்னரே இரும்பைத் தொடுக.

நல்ல கடைசல்காரர் அருகில் இருப்பின் கட்டிக்கொள்வதே இலாபம். இல்லையேல் செய்து விற்பதை வாங்குவதே மேல். அரிவாள்களுக்குச் சாணை பிடிப்பது மட்டுமே நோக்கமாயின், 25 மில்லிமீட்டர் பட்டையுள்ள சிறு இயந்திரமே போதும். வேலையின் அளவை முதலில் கணக்கிட்டு, அதன்பின் பணத்தைச் செலவிடுவோமாக.