எப்படித் தெரியும்?

பருவந்தோறும் பள்ளி – 4

ஐந்தாம் வகுப்பு முடித்த பிள்ளை ஆறாம் வகுப்பில் வந்து உட்கார்ந்ததைச் சென்ற வாரம் பார்த்தோம். அதுவரை காலையிலிருந்து மாலைவரை பெரும்பாலும் ஒரே டீச்சர்தான் எல்லாப் பாடமும் நடத்தினார். இப்போது மணி அடித்தால் தமிழய்யா போய், கணக்கு டீச்சர் வருகிறார். பையில் ஜியாமெட்ரி பாக்ஸ் ஏறியிருக்கிறது. கரும்பலகைக்குப் பக்கத்தில் பாடவேளை அட்டவணை ஒட்டியிருக்கிறது. இந்த வாரம் அந்தப் பிள்ளையோடு ஜூன் முதல் செப்டம்பர் வரை, முதல் பருவம் முழுவதும், கூடவே நடப்போம்.

தமிழ்நாட்டில் முப்பருவ முறை 2012-13 கல்வியாண்டில் வந்தது. ஓராண்டுப் பாடத்தை ஒரே மூட்டையாகச் சுமக்க வேண்டாம், ஒரு பருவத்தில் படித்ததை அந்தப் பருவத்திலேயே எழுதி முடித்துவிடலாம் என்பது அதன் நோக்கம். இப்போது பிள்ளைகள் கையில் இருக்கும் ஆறாம் வகுப்புப் புத்தகங்கள் 2018-ல் வெளிவந்தவை. முதல் பருவப் புத்தகங்களைத் தனித்தனியாகப் பார்த்தால் தமிழ், ஆங்கிலம், கணக்கு, அறிவியல், சமூக அறிவியல் என்று ஐந்து பாடங்கள். சேர்த்து வைத்துப் படித்தால் எல்லாவற்றிலும் ஒரே கேள்வி ஓடுகிறது: ‘இது உனக்கு எப்படித் தெரியும்?’

சாணில் தொடங்கும் அறிவியல்

அறிவியலின் முதல் பாடம் அளவீடுகள். சாணும் முழமும் பிள்ளைக்குப் புதிதல்ல. பூக்கார அம்மா முழம் போடுவதைத் தினமும் பார்க்கிறது. ஆனால் ஒரே மேசையை நாலு பேர் சாணால் அளந்தால் நாலு விடை வருகிறது. யார் சொல்வது சரி? சரி, எல்லாரும் மீட்டர் அளவுகோலுக்கு வருவோம் என்று முடிவு செய்தாலும் சிக்கல் தீரவில்லை. அளவுகோலை நேர் மேலிருந்து பார்த்தால் ஓர் எண், சாய்வாகப் பார்த்தால் வேறோர் எண். இதை இடமாறு தோற்றப் பிழை என்கிறது பாடம். கருவி சரியாக இருந்தாலும் பார்ப்பவர் பிசகலாம் என்று பதினொரு வயதில் ஒரு பிள்ளை தன் கண்ணாலேயே கண்டுகொள்கிறது.

வளைந்த கோட்டின் நீளத்தை நூல் வைத்து அளக்க வேண்டும். ஒழுங்கான வடிவம் இல்லாத கல்லின் கன அளவுக்கு அதைத் தண்ணீருக்குள் இறக்கி, நீர்மட்டம் எவ்வளவு ஏறுகிறது என்று பார்க்க வேண்டும். இலையின் பரப்பளவுக்கு அதை வரைபடத்தாளில் வைத்து ஓரம் வரைந்து, உள்ளே அகப்பட்ட கட்டங்களை எண்ண வேண்டும். பாதிக்கு மேல் உள்ளே இருக்கும் கட்டத்தைச் சேர்ப்பதா விடுவதா என்று அங்கே ஒரு வழக்கு நடக்கும். அந்த வழக்கு நடக்கும் வகுப்பில் பாடம் நடந்துகொண்டிருக்கிறது என்று பொருள்.

அடுத்து கலவைகளைப் பிரிக்கும் பாடம். தூற்றுதல், சலித்தல், தெளியவைத்து இறுத்தல், கடைதல், காந்தத்தால் பிரித்தல் என்று பெயர்கள் வருகின்றன. பாதிக்கு மேல் வீட்டில் நடப்பவைதான். பாட்டி முறத்தில் புடைத்தால் உமி பறக்கிறது, அரிசி நிற்கிறது. ஏன்? அரிசியோடு கிடக்கும் கல்லை மட்டும் ஏன் கையால் பொறுக்க வேண்டியிருக்கிறது? எந்த வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டு எதைப் பிரிக்கிறோம் என்று கேட்டால் அடுப்படியே ஆய்வுக்கூடம் ஆகிவிடும். புல்லையும் கீரைச்செடியையும் வேரோடு பிடுங்கி அருகருகே வைத்தால் சல்லிவேரும் ஆணிவேரும் தாமாகவே தெரிகின்றன. படம் பார்த்துப் படித்த பிள்ளை பரீட்சையோடு மறக்கலாம். மண் ஒட்டிய வேரைக் கையில் பிடித்த பிள்ளை மறப்பது அரிது.

ஒலியையும் அளக்கலாம்

அதே வாரங்களில் தமிழ் வகுப்பிலும் அளவு நடக்கிறது. முதல் இயலின் இலக்கணப் பகுதி எழுத்துகளின் வகையையும் மாத்திரையையும் சொல்கிறது. ஒரு மாத்திரை என்பது இயல்பாகக் கண் இமைக்கும் நேரம், அல்லது கை நொடிக்கும் நேரம். குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு, மெய்க்கு அரை. ‘கல்’ என்றால் ஒன்றரை, ‘கால்’ என்றால் இரண்டரை. கடிகாரம் இல்லாத காலத்து இலக்கணக்காரர்கள் ஒலியின் நீளத்தை அளக்க உடம்பையே கருவியாக்கினார்கள். அறிவியலில் சாண், இலக்கணத்தில் நொடி. இரண்டு ஆசிரியர்களும் ஒரு நாள் பேசிவைத்துக்கொண்டு இந்த இரு பாடங்களையும் அடுத்தடுத்த பாடவேளையில் நடத்தினால் பிள்ளைகளுக்கு அது பெரிய விருந்து.

இரண்டாம் இயலில் ‘சிறகின் ஓசை’ என்ற பாடம் பறவைகள் வலசை போவதையும் பறவையியலாளர் சலீம் அலியையும் பற்றிச் சொல்கிறது. ஒரு பறவை எங்கிருந்து வந்தது, எப்போது போனது என்று அவர் சொன்னதெல்லாம் ஆண்டுக்கணக்கில் பார்த்துக் குறித்தவை. பள்ளி மைதானத்து வேப்பமரத்துக்கு ஒரு வாரத்தில் என்னென்ன பறவைகள் வந்தன என்று நோட்டில் குறித்த பிள்ளைக்குத்தான் அந்த உழைப்பு விளங்கும்.

கணக்கில் விகிதமும் வடிவியலும் வழக்கம்போல் வருகின்றன. புள்ளியியல் பாடம் மட்டும் தனியாகக் கவனிக்கத் தக்கது. வகுப்பில் எத்தனை பேர் நடந்து வருகிறார்கள், எத்தனை பேர் சைக்கிளில், எத்தனை பேர் பஸ்ஸில்? ஒவ்வொருவருக்கும் ஒரு கோடு. நாலு கோடு நின்றதும் ஐந்தாவது குறுக்கே. பிறகு அதைப் பட்டை வரைபடமாக்குவது. தன் வகுப்பைப் பற்றித் தானே திரட்டிய ஓர் உண்மையை முதன்முறையாகப் பிள்ளை கையில் வைத்திருக்கிறது.

செங்கல்லும் முன்முடிவும்

வரலாற்றின் முதல் பாடத்தின் பெயரே ‘வரலாறு என்றால் என்ன?’ அடுத்தடுத்துச் சிந்துவெளிக்கு வருகிறார்கள். 1856-ல் ரயில் பாதை போட்டபோது ஹரப்பாவின் மேட்டிலிருந்து சுட்ட செங்கற்களை எடுத்துப் பாதைக்குப் போட்டார்கள். அவை எவ்வளவு பழையவை என்று யாருக்கும் தெரியவில்லை. 1920-களில் அகழ்வாய்வு நடந்து, 1924-ல் ஜான் மார்ஷல் உலகுக்கு அறிவித்த பிறகுதான் அது ஒரு பழம்பெரும் நாகரிகம் என்று புரிந்தது. செங்கல் மாறவில்லை, கேட்ட கேள்விதான் மாறியது. இன்னொன்றையும் பிள்ளைகள் இங்கே கற்கிறார்கள். சிந்துவெளி எழுத்தை எல்லாரும் ஒப்புக்கொள்ளும்படி இன்னும் யாரும் படித்துக் காட்டவில்லை. தெரியாததைத் தெரியாது என்று ஒரு பாடப்புத்தகம் எழுதியிருப்பது பிள்ளைகளுக்குப் பெரிய தைரியம். நமக்கும் செய்ய வேலை மிச்சம் இருக்கிறது என்று அவர்கள் நினைத்துக்கொள்ளலாம்.

குடிமையியலில் பன்முகத்தன்மை, சமத்துவம் என்று இரண்டு பாடங்கள். பெரும்பாலும் பருவக் கடைசியில் அவசரமாக ஓட்டிவிடுகிறோம். என் கணிப்பில் இந்தப் பருவத்தின் உச்சமே இவைதான். ‘அந்தத் தெருப் பசங்க அப்படித்தான்’, ‘பொண்ணுங்களுக்குக் கணக்கு வராது’ என்பவற்றைப் பிள்ளைகள் பெரியவர்கள் வாயிலிருந்து கேட்டுக்கொண்டே பள்ளிக்கு வருகிறார்கள். சாணால் அளந்தால் தப்பு வரும் என்று ஜூனில் படித்த பிள்ளை, செப்டம்பரில் இந்தப் பேச்சைப் பார்த்து ‘எப்படித் தெரியும்? யார் எண்ணிப் பார்த்தார்கள்?’ என்று கேட்க வேண்டும். சட்டத்தின் முன் எல்லாரும் சமம் என்று சொல்லும் அரசியலமைப்பின் 14-வது பிரிவும், தீண்டாமையை ஒழித்த 17-வது பிரிவும் அந்தக் கேள்விக்குத் துணை நிற்கின்றன.

நாற்பது மதிப்பெண்ணின் பொருள்

பருவத்தின் மொத்த மதிப்பெண் நூறு. பருவக் கடைசியில் எழுதும் தொகுத்தறித் தேர்வுக்கு 60. பருவம் முழுவதும் செய்யும் வளரறி மதிப்பீட்டுக்கு 40. அந்த நாற்பதில் பாதி செயல்பாடுகளுக்கு, மீதி சிறு தேர்வுகளுக்கு. அறுபது மதிப்பெண் ‘விடை என்ன?’ என்று கேட்கிறது. ‘எப்படித் தெரியும்?’ என்று கேட்க இந்தத் திட்டத்தில் இருக்கும் ஒரே இடம் செயல்பாடுதான்.

அந்த இடத்தைத்தான் நாம் எளிதாக விட்டுக்கொடுக்கிறோம். ஸ்டேஷனரி கடையில் சூரியக் குடும்பம் அச்சடித்த தாளாகவே கிடைக்கிறது; வாங்கி ஒட்டினால் ப்ராஜெக்ட் ஆயிற்று. ராத்திரி பத்து மணிக்கு அம்மா சார்ட் எழுதுகிறார், பிள்ளை தூங்குகிறது. மதிப்பெண் கிடைக்கிறது, கேள்வி செத்துப்போகிறது. ஆசிரியர்களை மட்டும் இதற்குக் குறை சொல்வது நியாயமில்லை. பதிவேடுகளும் இணையப் பதிவுகளும் அவர்கள் நேரத்தைத் தின்கின்றன. கல்வி உரிமைச் சட்டம் ஆறு முதல் எட்டு வரையிலான வகுப்புகளுக்கு ஆண்டில் 220 வேலை நாட்கள் என்றும், 35 பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியராவது என்றும் சொல்கிறது. அந்த நாட்களில் ஆசிரியரைப் பாடத்துக்கு மட்டும் விட்டுவைப்பது நிர்வாகத்தின் பொறுப்பு.

நம்பிக்கை தரும் முயற்சியும் இருக்கிறது. 2022 நவம்பரில் திருச்சியில் தொடங்கப்பட்ட வானவில் மன்றம், இதே ஆறு முதல் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்காக அறிவியல், கணிதச் சோதனைப் பொருட்களோடு அரசுப் பள்ளிகளுக்கே ஆளை அனுப்புகிறது. அங்கேயும் சோதனையைப் பிள்ளையின் கை செய்ய வேண்டும். வந்தவர் செய்துகாட்டி, பிள்ளைகள் கைதட்டினால் அது வேடிக்கையோடு நின்றுவிடும்.

இன்னொரு காரணத்துக்காகவும் செயல்பாட்டை நான் வற்புறுத்துகிறேன். வாசிக்கத் தடுமாறிக்கொண்டே ஆறாம் வகுப்புக்கு வரும் பிள்ளைகள் ஒவ்வோர் ஊரிலும் உண்டு. ஐந்து பாடப்புத்தகங்களும் அவர்களுக்கு மூடிய கதவுகள். ஆனால் நூலால் அளக்கவும், கோடு போட்டு எண்ணவும், வேரை வகை பிரிக்கவும் அவர்களால் முடியும். பல நேரம் மற்றவர்களைவிட நன்றாகவே முடியும். தான் எண்ணியதைத் தானே இரண்டு வரி எழுதவும், எழுதியதை வகுப்பில் வாசிக்கவும் சொன்னால், வாசிப்புக்கு அதுவே வழி. அந்தப் பிள்ளையிடமிருந்து செயல்பாட்டைப் பறித்தால் அதற்கென்று இருந்த ஒரே வாசலையும் அடைக்கிறோம்.

பெற்றோர்களிடம் ஒரு வேண்டுகோள். மாலையில் ‘எத்தனை மார்க்?’ என்று கேட்பதற்கு முன் ‘இன்னைக்கு எதைக் கண்டுபிடிச்சே? அது சரின்னு எப்படித் தெரிஞ்சுது?’ என்று கேளுங்கள். சார்ட்டை நீங்கள் எழுதாதீர்கள். கோணலாக இருந்தாலும் பிள்ளையின் கோடாக இருக்கட்டும். ஆசிரியர்களே, கோணல் கோட்டுக்கு மதிப்பெண் கொடுங்கள். சொன்னதையெல்லாம் நம்பிவிடாமல், கேட்டு, அளந்து, எண்ணிப் பார்த்து ஏற்கும் ஒரு தலைமுறை நமக்கு வேண்டுமென்றால், அதன் முதல் பயிற்சி ஆறாம் வகுப்பின் முதல் பருவத்தில் நடக்கிறது.

அடுத்த வாரம்: அக்டோபரில் தொடங்கும் இரண்டாம் பருவம்.

(தொடரும்)