கொல்லை வெருளியும் காட்டுப்பன்றியின் மூளையும்

போடிநாயக்கனூருக்கு வடமேற்கே, குரங்கணி மலையடிவாரத்தில் நிலக்கடலையும் மக்காச்சோளமும் பயிரிடும் குடியானவர்கள் இக்காட்சியை நன்கறிவர். இரவில் கொல்லையோரம் வந்த காட்டுப்பன்றி உடனே நுழைவதுமில்லை, ஓடிவிடுவதுமில்லை. இரண்டடி முன்வைத்து, மோப்பம் பிடித்து, ஓரடி பின்வாங்கும். பசி முன்னே இழுக்கிறது. அச்சம் பின்னே இழுக்கிறது. ஒரே உடல் இரு திசைகளிலும் செல்லவியலாது. ஆகவே மூளை ஒன்றைத் தேர்ந்தாக வேண்டும்.

முதுகெலும்புள்ள பிராணிகளின் பெருமூளைக்கு அடியில் நரம்பணுத் திரள்கள் சில உள. அவை உடலை இயக்கும் கேந்திரங்களை ஓயாது அடக்கி வைத்திருக்கின்றன. கண்மாயின் மடைகள் யாவற்றையும் அடைத்துவைத்து, முறை வந்த வயலுக்கு மட்டும் ஒன்றைத் திறந்துவிடும் நீர்ப்பாய்ச்சியை இதற்கு ஒப்பிடலாம். வலிய தூண்டுதலின் மடை திறக்கும். ஏனையவை அடைபட்டே நிற்கும். இங்கிலாந்தில் ஷெஃபீல்டு சர்வகலாசாலையைச் சேர்ந்த ரெட்கிரேவ், பிரெஸ்காட், கர்னி ஆகியோர் 1999-ல் இக்கருத்தை விரித்துரைத்தனர். தாடையற்ற லாம்ப்ரே மீனிலும் இவ்வமைப்பு உள்ளதென 2011-ல் சுவீடன் நாட்டு ஆராய்ச்சியாளர் கண்டனர். எனவே இது மிகப் பழைய ஏற்பாடு.

இரு தூண்டுதல்களும் சமபலமாயிருப்பின் விந்தையொன்று நேர்வதுண்டு. சண்டையிடும் சேவல்கள் நடுவிலே, இரை இல்லாதபோதும், தரையைக் கொத்துவதைக் காணாதார் இல்லை. சினமும் அச்சமும் ஒன்றையொன்று தடுக்க, மூன்றாவது செயல் வெளிப்படுகிறதென்று டின்பெர்கன் விளக்கினார். அவர் 1973-ல் நோபல் பரிசு பெற்றவர்.

இனி வெருளியின் கதை. முதல் நாள் அது அச்சத்தை மூட்டுகிறது. தீங்கொன்றும் விளையாமை கண்டபின், அச்சம் இரவுக்கிரவு தேய்கிறது, பசியோ தேய்வதில்லை. விதைத்த அன்றே நட்டு, அறுவடை வரை ஓரிடத்திலேயே விட்டுவைத்த வெருளி பன்றிக்கு அடையாளக் கம்பமே ஆகிவிடும். மக்காச்சோளக் கதிர் பால் பிடிக்கும் தருணத்தில் நட்டு, இடத்தையும் உடையையும் அடிக்கடி மாற்றுதல் நலம். தகரவொலி, விளக்கு, நாய் ஆகியவற்றையும் மாற்றி மாற்றியே பயன்படுத்துக. சூரிய மின்வேலியின் அதிர்ச்சி மெய்யாகவே வலிப்பதால், அதனிடத்து அச்சம் எளிதில் தேய்வதில்லை. கம்பத்து மின்சாரத்தை நேரே வேலியில் பாய்ச்சுவதோ மனிதரையும் மாடுகளையும் கொல்லும்; சட்டப்படி குற்றமுமாகும். கிராம அதிகாரிகள் இதனைக் கண்டிப்பாகத் தடுத்தல் வேண்டும்.

ஒரு கொல்லையில் மட்டும் காவல் பலமாயின், பன்றி பசியோடு அடுத்த கொல்லைக்கே செல்லும். ஆதலின் அடுத்தடுத்த நிலத்தார் முறைவைத்து ஒன்றாகக் காவல் புரிதல் வேண்டும். பயிர் முற்றும் வாரங்களுக்கு முன்பே கிராம அதிகாரிகள் இதற்கு ஏற்பாடு செய்தல் உத்தமம்.