குழந்தைக்குப் பேச்சு வர சாப்ட்வேர் உண்டா?

"எங்க பாப்பாவுக்குப் பேச்சு வர்றதுக்கு ஒரு சாப்ட்வேர் இருக்காமே அண்ணா, 18 ஆயிரமாம். வாங்கலாமா?"

திருவொற்றியூரில் எங்கள் தெருவில் குடியிருக்கும் பெண் இப்படிக் கேட்டார். அவர் மகளுக்கு மூன்று வயது. பிறவியிலேயே கேட்கும் திறன் குறைவு. இரண்டு காதிலும் டிஜிட்டல் ஹியரிங் எய்டு மாட்டி எட்டு மாதம் ஆகியும் சொல் ஒன்றும் வரவில்லை. கணவருக்குத் துறைமுகத்தில் ஷிப்ட் வேலை. நகையை அடகு வைக்கத் தயாராக இருந்தார். இரண்டு நாள் பொறுக்கச் சொல்லிவிட்டு விவரம் தேடினேன். நான் தெரிந்து கொண்டதை உங்களுக்கும் சொல்கிறேன்.

தாயும் படிக்கும் பள்ளி

சென்னை அடையாறில் பால வித்யாலயா என்ற பள்ளி 1969-ல் தொடங்கப்பட்டது. காது கேளாத சிறு குழந்தைகளுக்கானது. சைகை மொழியும் ஒரு முழுமையான மொழிதான். ஆனால் இங்கே கேட்டுப் பேசப் பழக்குகிறார்கள். இவர்களுடைய முறைக்கு 'த்வனி' என்று பெயர். குழந்தையோடு தாயும் வகுப்பில் உட்கார வேண்டும். காரணம் எளிது. குழந்தை பள்ளியில் இருப்பது சில மணி நேரம்தான், மீதி நேரமெல்லாம் வீட்டில். இப்படிப் பழகிய பிள்ளைகள் பிறகு சாதாரணப் பள்ளிகளில் சேருகிறார்கள்.

நம் பாஷையில் சொன்னால் ஹியரிங் எய்டு ஓர் இன்புட் சாதனம். உள்ளே வரும் ஒலிக்கு அர்த்தம் கண்டுபிடிப்பது மூளை. அது சுலபமாகக் கற்றுக் கொள்ளும் காலம் முதல் சில ஆண்டுகள். திரையில் படம் காட்டும் சாப்ட்வேர், பக்கத்தில் உட்கார்ந்து பேசும் அம்மாவுக்கு ஈடாகாது.

இரைச்சலை அளந்து பாருங்கள்

எங்கள் பகுதியில் எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகள் ஓயாது. ஹியரிங் எய்டு பேச்சோடு லாரி, ஃபேன், டிவி சத்தத்தையும் சேர்த்தே பெருக்கும். பேச்சு, இரைச்சலைவிட 15 டெசிபல் அதிகமாக இருந்தால் இந்தக் குழந்தைகளுக்கு நல்லது என்கிறார்கள் ஒலியியல் நிபுணர்கள்.

இதை வீட்டிலேயே தோராயமாகப் பார்க்கலாம். 'அடாசிட்டி' என்ற இலவச சாப்ட்வேரை டவுன்லோட் செய்யுங்கள். மைக் செட்டிங்கில் தானாக ஒலியைக் கூட்டிக் குறைக்கும் வசதி இருந்தால் நிறுத்திவிடுங்கள். குழந்தையின் காது இருக்கும் இடத்தில் மைக்கை வைத்து ரெகார்ட் பட்டனை அழுத்துங்கள். யாரும் பேசாதபோது மீட்டர் காட்டும் எண்ணையும், பேசும்போது காட்டும் எண்ணையும் குறித்துக் கொள்ளுங்கள். வித்தியாசம்தான் முக்கியம்.

அவர்கள் வீட்டில் அடுப்படியிலிருந்து அம்மா பேசினால் வித்தியாசம் 4 டெசிபல். பக்கத்தில் வந்து பேசினால் 13. தெருப்பக்க ஜன்னலைச் சாத்தி, டிவியை நிறுத்தியதும் 17. ஒரு பைசா செலவில்லை! தூரம் பாதியானால் ஒலி சுமார் 6 டெசிபல் கூடும் என்ற கணக்குதான் இது.

தினமும் ஆறு ஒலிகள்

காலையில் ஹியரிங் எய்டு மாட்டியதும் ஒரு சோதனை செய்யுங்கள். டேனியல் லிங் என்ற கல்வியாளர் வகுத்தது. குழந்தைக்குப் பின்னால் நின்று ஆ, ஊ, ஈ, ம், ஷ், ஸ் என்ற ஒலிகளை வரிசை மாற்றிச் சொல்லுங்கள். கேட்டதும் ஒரு கட்டையை டப்பாவில் போடப் பழக்குங்கள். 'ம்' தாழ்ந்த அலைவரிசை, 'ஸ்' மிக உயர்ந்தது. நேற்று கேட்டது இன்று கேட்கவில்லை என்றால் முதலில் பேட்டரியைப் பாருங்கள். ஜிங்க் ஏர் பேட்டரியின் ஸ்டிக்கரை உரித்ததும் ஒரு நிமிடம் காற்றாட விட்டுப் போட வேண்டும். கடலோர ஈரம் ஹியரிங் எய்டுக்கு எதிரி. இரவில் கழற்றி, பேட்டரியை எடுத்துவிட்டு, சிலிக்கா ஜெல் போட்ட மூடிய டப்பாவில் வையுங்கள்.

தொடர்ந்து கேட்காத ஒலி எது என்று எழுதிக் கொண்டு போய் ஆடியாலஜிஸ்டிடம் காட்டுங்கள். ஹியரிங் எய்டு போதாது என்றால் காக்ளியர் இம்ப்ளான்ட் பற்றி உடனே கேளுங்கள். தமிழக முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் அதற்கு இடமுண்டு. வயது வரம்பும் உண்டு, ஆகவே தள்ளிப் போடாதீர்கள்.

தேதி போட்ட பைல்கள்

கடைசியாக ஒன்று. வாரம் ஒருமுறை குழந்தையோடு ஐந்து நிமிடம் பேசுவதை ரெகார்ட் செய்து, தேதியையே பைல் பெயராக வைத்து சேமியுங்கள். தினமும் பக்கத்தில் இருப்பவருக்கு முன்னேற்றம் தெரியாது, பைலைக் கேட்டால் தெரியும். ஆசிரியருக்கும் உதவும்.

அந்த 18 ஆயிரம் செலவாகவில்லை. நகையும் வீட்டில்தான் இருக்கிறது. அம்மா இப்போது மகளை மடியில் வைத்துக் கொண்டு காய் நறுக்குகிறார், மீன் ஆய்கிறார், ஒவ்வொன்றையும் சொல்லிக்கொண்டே. முதல் மாத பைல்களில் அவர் குரல் மட்டும்தான். நான்காம் மாதத்து பைல் ஒன்றில், காசிமேட்டிலிருந்து வந்த பையைத் திறக்கும் சத்தத்துக்குப் பின் சின்னக் குரலில் ஒரு சொல் கேட்கிறது: "மீனு."

அந்த பைலுக்கு மட்டும் இரண்டு காப்பி எடுத்துக் கொடுத்தேன்.