கடலோர மனை யாருக்கு?

புதுச்சேரிக்குத் தெற்கே, அரியாங்குப்பம் அருகே உள்ள மீனவர் ஊர் வீராம்பட்டினம். செங்கழுநீர் அம்மன் கோவில் ஆடித் தேரால் புகழ் பெற்றது. கவர்னர் வடம் பிடித்துத் தேரைத் தொடங்கி வைப்பது பிரெஞ்சு ஆட்சிக் கால வழக்கம்.

பக்கத்துச் சின்ன வீராம்பட்டினத்தின் ஈடன் கடற்கரைக்கு 2021-இல் சர்வதேச நீலக்கொடிச் சான்று கிடைத்தது. இப்பகுதியில் உல்லாச விடுதிகளும் எழுந்துள்ளன. கடலோர மனைக்கு மவுசு கூடியிருக்கிறது.

வெளியூராருக்குக் கடலோர வீடு காற்று வாங்கும் இடம். மீனவருக்கோ அதுவே தொழிற்கூடம். படகு நிறுத்தவும் வலை உலர்த்தவும் கருவாடு காயவைக்கவும் மணல் வேண்டும். வாசலில் நின்றபடியே கடலின் போக்கை அறிய வேண்டும்.

அலையோரத்தில் புதுக் கட்டடங்களை 1991 முதல் கடற்கரை ஒழுங்குமுறை விதிகள் கட்டுப்படுத்துகின்றன. ஆனால் விதி மட்டும் போதாது. மனை விற்ற பணம் ஒருநாள் தீர்ந்துவிடும். மணல் கைமாறினால் தொழிலுக்கே இடமிராது!