உங்களுக்குத் தெரியுமா? படத்துக்காகப் பெயர் மாறிய ஆறு

இலங்கையில் எடுத்த ஒரு படத்தால் தாய்லாந்தில் ஓர் ஆற்றின் பெயரே மாறியது!

● ‘த பிரிட்ஜ் ஆன் த ரிவர் குவாய்’ (1957) படத்துக்குப் பாலம் கட்டியது கித்துல்கலவில், களனி கங்கை மேல். தாய்லாந்தின் நிஜப் பாலமோ மே க்லாங் ஆற்றின் மேல். நாவல் எழுதிய பியேர் பூல் ஆற்றை மாற்றிச் சொல்லிவிட்டார். படம் பார்த்துவிட்டு வந்த பயணிகள் குவாய் ஆற்றுப் பாலத்தைத் தேடினார்கள். 1960 வாக்கில், பாலத்தடியில் ஓடும் பகுதிக்கு ‘குவே யாய்’ என்றே பெயர் வைத்துவிட்டார்கள். வருகிறவர் கேட்கும் பெயரிலேயே கடையைத் திறந்தது பெரிய சாமர்த்தியம்!

● படத்தில் வில்லியம் ஹோல்டன் தங்கித் தேறும் இராணுவ ஆஸ்பத்திரி, நம்முடைய கல்கிசை ஹோட்டல்தான்.

● கித்துல்கலப் பாலத்தைப் படத்துக்காகவே வெடிவைத்துத் தகர்த்தார்கள். அது நின்ற இடத்தைப் பார்க்க இன்றும் ஆட்கள் வருகிறார்கள்.

● தாய்லாந்தின் அந்த நிஜப் பாலம் அமைந்த சயாம் மரண ரயில்பாதையில் மலாயாத் தோட்டத் தமிழர்கள் ஆயிரக்கணக்கில் மாண்டார்கள். 7 ஆஸ்கார் வாங்கிய படம் அவர்கள் கதையைச் சொல்லவில்லை. நமக்கு அது பெருங்குறை.